பந்தல் என்றே எழுதலாமே

ஐயா,

மனித செல்களை வளர்க்க லேசரால் நுண்ணிய சாரக்கட்டு அமைப்பது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். திரவப் பிசினுக்குள் லேசர் குவியும் புள்ளி மட்டும் இறுகுகிறது; மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்குவதால் நடக்கும் வேலை. இதை 1931இலேயே கணித்துச் சொன்ன இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மாயரை விட்டுவிட்டீர்களே!

ராயக்கோட்டைப் பக்கம் நாங்கள் பாகல் கொடிக்குக் கம்பி இழுக்கிறோம். கம்பி தொய்ந்தால் கொடி தரையில் சுருண்டு, காய் மண்ணில் பட்டு அழுகும். செல்லும் அப்படித்தான், பிடிமானத்தின் இடைவெளியையும் விறைப்பையும் பார்த்தே படர்கிறது. லேசர் அமைக்கும் இழையோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. 'சாரக்கட்டு' வேண்டாம், 'பந்தல்' என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் உடலிலேயே கரைந்துபோகும் வகையும் உண்டு. (என் பந்தல் கரைந்தால் கடன்தான் மிஞ்சும்.)

– ஒரு விவசாயி,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.