சூரியன் இல்லாத ஊரில் சூரிய நமஸ்காரம்

ஓவுலு, பின்லாந்து
மார்கழி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வாழ்க வளமுடன். படித்ததும் சிரித்திருப்பீர்கள். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றத்துக்காரர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான்தானே.

இங்கே சூரியன் காலை பத்தரை மணிக்கு எழுந்து மதியம் இரண்டு மணிக்கு அடைந்துவிடுகிறது. நானோ மாலை ஐந்து மணிக்குக் கும்மிருட்டில் சூரிய நமஸ்காரம் செய்கிறேன். ஆத்தாவிடம் சொல்லாதீர்கள், ஊரெல்லாம் சொல்லிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் யோகா வகுப்பு. சொல்லிக்கொடுப்பது ஒரு பின்லாந்துக்கார அம்மா. எல்லோரும் ரப்பர் பாய் விரிக்க, நான் பவானி ஜமுக்காளத்தை விரிக்கிறேன். அதன் கரையைத் தடவிப் பார்த்து, "உன் அப்பா நெய்ததா?" என்றார். இது பவானி, அப்பா சென்னிமலையில் நெய்வது போர்வை என்று அவர் மொழியில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஒருநாள் வீரபத்திராசனத்தில் கைகளை நீட்டி நிற்கிறேன். அருகில் வந்தவர், "மூச்சு எங்கே?" என்று கேட்டார். மூச்சே இல்லை அப்பா! பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆசனம் ஒன்றும் கடினமில்லை. அவர் என்னைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவர் நகர்ந்ததும் தாடை தானாகத் தளர்ந்தது.

அதன்பின் அந்தப் பல்கடிப்பைப் பல இடங்களில் பிடித்தேன். கடையில் பில் போடும் பெண் ஏதாவது கேட்டால் கடிக்கிறேன். மேலாளர் வந்தால் கடிக்கிறேன். "சம்பளம் சரியாக வருகிறதா சாமி?" என்று நீங்கள் போனில் கேட்டபோதும் கடித்தேன். "வருகிறதுங்கப்பா" என்றேனே, அது பொய். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைக் கூலி என்பது இந்த நாட்டுச் சட்டம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மூன்று மாதமாக எனக்கு ஒற்றைக் கூலிதான் வந்தது. பொறுமைசாலிப் பிள்ளை என்று நம் தெருவில் பெயர் வாங்கியவள் அல்லவா, பேசாமல் இருந்தேன். அது பொறுமையில்லை, பயம். இது தெரிய எனக்கு முப்பத்தோரு வயதாகியிருக்கிறது.

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்குப் போய்வந்த பிறகு, "மகரிஷியும் தறி நெய்தவர்தான்" என்று பெருமையோடு சொல்லி, கவலைகளைப் பிரிக்க அவர் சொன்ன நான்கு வகையை ஒரு நோட்டில் எழுதிவைத்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. நானும் தாளில் கட்டம் போட்டேன். அனுபவித்தே தீர வேண்டியது: இந்த இருட்டு. அலட்சியம் செய்ய வேண்டியது: "இன்னும் குழந்தை இல்லையா" என்னும் சொந்தக்காரர்கள். தள்ளிப்போட வேண்டியது: வீடு வாங்குவது. உடனே தீர்க்க வேண்டியது என்ற கட்டத்தில் பேனா நின்றது. பல் கடித்தது. "ஞாயிற்றுக்கிழமைக் கூலி" என்று எழுதினேன்.

மறுநாளே மேலாளர் அறைக்குப் போனேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை, கால் நடுங்கியது. கதவுக்கு வெளியே நின்று மூச்சை நீளமாக விட்டேன், மூன்று முறை. உள்ளே போய்த் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தேன். அவர் கணினியில் தேடிப் பார்த்து, இரண்டு மாதத்துக் கூலி விடுபட்டிருக்கிறது, தருகிறோம் என்றார். மூன்றாம் மாதத்துக்கு இன்னும் இழுபறி. அடுத்த வாரம் மறுபடி போவேன்.

சின்ன வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியில் பாதி மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செய்து காட்டுங்கள்.

இன்னொன்று. முழங்கால் வீங்கியிருப்பதை டாக்டரிடம் காட்டாமல், "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு சென்னிமலை 1320 படியும் ஏறிவிட்டு வந்தீர்களாம், அம்மா சொன்னார். அதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

உங்கள்
அம்மிணி