கட்டியக்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள கூத்துக் கலைஞர்களுக்கும், அந்த நாட்களில் என்னைத் தாங்கிய எல்லோருக்கும் வணக்கம்.

நான் கட்டிக்கொள்வதாக இருந்தவர், பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு வேண்டாம் என்று விலகிவிட்டார். அப்புறம் பார்த்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார்கள், இதைவிட நல்ல இடம் அமையும் என்றார்கள். என்னம்மா ஆச்சு என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு.

பெரியம்மா, நீங்கள்தான் என்னைச் செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு இழுத்துப்போனீர்கள். அன்று கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். குலம் தெரியாதவன் என்று அவனை ஒதுக்கியிருந்தவள் முகம் கொடுக்கவில்லை. கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்திப்போகும் கட்டியக்காரர் நடுவில் புகுந்து, "ராஜா, ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தீங்களே, உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை குடுக்க வீட்ல ஆள் இல்லையா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எத்தனையோ மாதம் கழித்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சின்ன நாயனம் மாதிரியான முகவீணை எழும்பியது, கர்ணன் பாட ஆரம்பித்தார். எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்து, "அழு கண்ணு" என்றார். பெயர்கூடத் தெரியாத அந்தப் பாட்டிக்கு என் முதல் நன்றி.

கட்டியக்காரரே, உங்களைச் சிரிக்க வைக்கிறவர் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதும், நீர் யார், எங்கே வந்தீர் என்று முதலில் கேட்பவர் நீங்கள்தான். கிண்டல் செய்துகொண்டே கேட்கிறீர்கள். ராஜாவும் மனம் திறந்து சொல்லிவிடுகிறார். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்தில் மனதைப் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார் என்று படித்திருக்கிறேன். அந்த ஈர்ப்பு எப்படிப்பட்டது என்று அன்றிரவு எனக்கும் புரிந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பொன்னுருவி வேஷம் கட்டிய அண்ணனுக்கு நன்றி. கிரீடம், புஜம் என்று மரத்தில் செய்த கட்டை அணிகளைக் கட்டிக்கொண்டு அத்தனை பாரத்தோடு விடிய விடிய ஆடிய கர்ணனுக்கும், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என்று பின்பாட்டில் இருந்த எல்லோருக்கும் நன்றி. கவுண்டமணி செந்தில் காமெடியாகப் போனில் அனுப்பிக்கொண்டே இருந்த அலுவலகத் தோழிகளே, சில இரவுகளை நான் கடந்தது உங்களால்தான்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் ஊரில் பாரதம் வைத்தால் போய் உட்காருங்கள். பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். விடியற்காலையில் ஆடுகிறவர்களுக்கும் எதிரே ஆள் வேண்டும். அடுத்த கூத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கூத்து பார்த்த ஒரு பெண்