சிவிலைசேஷன் 7 சண்டை: அட்மின் அறிவிப்பு

நண்பர்களே, சிவிலைசேஷன் 7 என்ற கணினி வியூக விளையாட்டைப் பழைய பாகங்களோடு ஒப்பிட்டு நேற்று ராத்திரி நம் குழுவில் ஓடிய சண்டையில் சில மெசேஜ்களை நீக்கியிருக்கிறேன். விமர்சனத்தை அல்ல, வசவை மட்டும்.

வெளியானபோது இந்த விளையாட்டு, யுகம் மாறும்போது நாம் ஆடும் நாகரிகத்தையே மாற்றச் சொன்னது பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். ரோமாக ஆரம்பித்தவர் ரோமாகவே முடிக்க ஆசைப்படுவது நியாயம்தான். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் பழைய பாகங்கள் வந்த அன்றே முழுமையாக இருந்தன என்று அடித்துவிடாதீர்கள். 2010-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது மதமும் இல்லை, உளவும் இல்லை. இரண்டும் 2012-இல் காட்ஸ் அண்ட் கிங்ஸ் விரிவாக்கத்தோடுதான் வந்தன. வரைபடத்தின் ஒரு கட்டத்துக்குள் ஒரே படைதான் நிற்கலாம் என்று ஐந்தாம் பாகம் கொண்டுவந்த விதிக்கும் அப்போது இதே கூச்சல்தான். (இன்று அதைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறீர்கள்!)

இடைமுகம் (திரையில் தெரியும் மெனு, பொத்தான்கள்) பற்றிய புகார்களை ஸ்கிரீன்ஷாட்டோடு போடுங்கள். விளையாடாமலே தீர்ப்புச் சொல்பவர்கள், விளையாடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.