எத்திலா, எத்தனாலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுதம் செய்யவும் உதவக்கூடிய சரக்குகளுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி என்று எங்கே படித்தாலும் எனக்கு ஒரு கன்டெய்னர்தான் ஞாபகத்துக்கு வரும். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம், போட்டவன் நான்.

அந்த கன்டெய்னரில் இருந்தது ட்ரைஎத்தில்அமீன். மருந்துத் தயாரிப்பில் அன்றாடம் புழங்கும் சரக்கு. மூடியைத் திறந்தால் மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும். துறைமுகத்தில் சுங்க அதிகாரியின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்ததோ ட்ரைஎத்தனால்அமீன். அது தேன் மாதிரி கெட்டியானது, ஷாம்பூவிலும் முகக் கிரீமிலும் சேர்ப்பார்கள். நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற விஷப்பொருளையும் அதிலிருந்து செய்யலாம் என்பதால் ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் 3-ஆம் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். பெயர் குழப்பத்தில் சரக்கு 9 நாள் துறைமுகத்தில் கிடந்தது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணை டிரம் லேபிளில் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. எங்களுடையது 121-44-8, அவர் தேடியது 102-71-6.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தைய மாதம் வரை ஆயத்த ஆடை பார்த்துக்கொண்டிருந்தவர். எங்களுக்கு டெமரேஜ், அதாவது துறைமுகத் தாமதக் கட்டணச் செலவோடு போயிற்று. நிஜமாகவே தடுக்க வேண்டிய சரக்கு ஏதோ ஒரு வணிகப் பெயரில் வந்திருந்தால், அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 1992-இன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம், 2005-இன் பேரழிவு ஆயுதச் சட்டம், அனுமதி வாங்கித்தான் ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருள்களின் ஸ்கோமெட் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. 2016-க்கும் 2018-க்கும் நடுவில் எம்டிசிஆர், வாசெனார், ஆஸ்திரேலியா குழு என்ற சர்வதேச ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மூன்றிலும் இந்தியா சேர்ந்தாயிற்று. பட்டியலில் இல்லாத பொருளானாலும் பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுமதியில்லாமல் அனுப்ப முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள, வாங்குபவன் யார், சின்ன சோப்புக் கம்பெனிக்கு இத்தனை டன் எதற்கு என்று கேட்கத் தோன்ற வேண்டுமே!

முன்பெல்லாம் கலால் அதிகாரி எங்கள் ஆலைக்கே வந்து நின்று கன்டெய்னருக்கு சீல் வைப்பார். டீ குடித்துக்கொண்டே, "இது எதுக்கு சார் போகுது?" என்று விசாரிப்பார். 2017-இல் மின்னணு சீல் வந்தது. நாங்களே பூட்டி அனுப்பினோம். அலைச்சல் குறைந்தது, வாஸ்தவம்தான். ஆனால் டிரம்மைக் கண்ணால் பார்த்த அதிகாரிகளும் குறைந்துபோனார்கள்.

பயிற்சியை ஓட்டல் அரங்கத்தோடு முடிக்காமல் இரண்டு நாள் எங்கள் சிப்காட் இருக்கும் குடிகாடு பக்கம் கூட்டி வரட்டும். கிடங்கில் நிறுத்தி லேபிளைப் படிக்கச் சொல்லட்டும். பழைய ஷிப்பிங் பில் பத்தைக் கையில் கொடுத்து, எது இடிக்கிறது என்று கேட்கட்டும். அப்புறம், கற்றுக்கொண்டவரைக் கொஞ்ச காலமாவது அதே இருக்கையில் விட்டுவைக்க வேண்டும். எங்கள் சரக்கை நிறுத்தியவர் அந்த 9 நாளில் அமீன்களைக் கரைத்துக் குடித்துவிட்டார். அடுத்த லோடு போனபோது ஆள் இல்லை. விமான நிலையத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

– ஓய்வுபெற்ற ஏற்றுமதிப் பிரிவு ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.