தம்பியின் டப்பாவை லேப்புக்கு அனுப்பச் சொல், கலா

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு முழுக்கத் தம்பிதான். ஊர்க் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உடம்பு இளைத்துவிட்டது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். இத்தனைக்கும் கேஸ்ட்ரிக் மாத்திரையே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வெறும் குடல் எரிச்சல் நோயாக இருந்தால் பொதுவாகத் தூக்கத்தைக் கலைக்காது. புது டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தது சரியான காரியம். அவன் வெட்கப்பட்டு டப்பாவை அறையிலேயே வைத்திருக்கிறான் என்றாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

லேப்பில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அங்கே முகம் சுளிக்க யாரும் இல்லை. நாங்கள் தேடுவது கால்புரோடெக்டின் என்ற ஒரு புரதத்தை. நம் இரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு இருக்கிறது. கிருமியோ புண்ணோ வந்தால் முதலில் ஓடி வருவது அதுதான். அதற்குள் நிறைந்திருக்கும் புரதம் இது. துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும். குடல் சுவர் அழன்று போனால் இந்த அணுக்கள் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, மலத்தோடு கலந்து வெளியே வருகின்றன. குடல் கிருமிகள் இந்தப் புரதத்தைச் சுலபமாகச் சிதைக்க முடியாது. அதனால்தான் டப்பாவில் சில நாள் இருந்தாலும் அளக்க முடிகிறது. நோர்வேயில் ஃபாகர்ஹோல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1980-இல் இதை வெள்ளையணுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மலத்தில் அளக்கும் முறை 1992-இல் வந்தது.

லேப்பில் ஒரு துளியை எடை போட்டு, ஒரு திரவத்தில் கலக்கிக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்ததை எடுப்போம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். புரதம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும். அந்த நிறத்தைக் கருவி படித்து, ஒரு கிராம் மலத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும்.

பெரியவர்களுக்கு 50-க்குக் கீழே வந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்கோப் போட்டு, அதாவது கேமரா உள்ள குழாயைக் குடலுக்குள் விட்டு, பார்க்கத்தான் வேண்டும். நடுவில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். லேப்புக்கு லேப் எல்லை கொஞ்சம் மாறும், ரிப்போர்ட்டில் போட்டிருப்பதையே பார்.

ஒன்றை மட்டும் மனசில் வை. அழற்சி இருக்கிறது என்று இந்த எண் சொல்லும், எதனால் என்று சொல்லாது. கிருமித் தொற்று, குடல் காசநோய், குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி, பெருங்குடல் புண் நோய், புற்றுநோய், எதிலும் ஏறலாம். வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் ஏறும். தம்பி பந்து விளையாடி முழங்கால் வலிக்கு டிக்லோஃபெனாக் போடுவான் என்று நீ முன்பு சொன்னது ஞாபகம் வருகிறது. அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல், எத்தனை நாள் நிறுத்திவிட்டு எடுப்பது என்று அவரே சொல்லட்டும். எண் குறைவாக வந்தாலும் எடை இறங்கிக்கொண்டே போனால் அதோடு விட்டுவிடாதே. இரத்தம் கலந்து போனால் இந்த எண்ணுக்காகக் காத்திருக்கவே வேண்டாம், நேரே ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

எடுப்பது சுலபம். கழிவறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்காமல் பழைய பேப்பரில் பிடித்து, மூடியோடு வரும் கரண்டியால் நிலக்கடலை அளவு எடுத்தால் போதும். காலையில் முதலில் போவது நல்லது. பெயரும் தேதியும் எழுதி அன்றைக்கே கொடுத்துவிடட்டும். வெயிலில் காருக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்குக் குரோன்ஸ், பெருங்குடல் புண் நோய் மாதிரி குடல் அழற்சி வியாதியெல்லாம் வராது, வெள்ளைக்காரன் வியாதி என்று நம் ஊரில் இன்னும் நினைக்கிறார்கள். இங்கே பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் கணக்கெடுத்தபோது குடல் அழற்சி நோய் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று இனத்திலும் இந்தியர்களிடையேதான் அதிகம் என்று தெரிந்தது. ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. தோட்டத்தில் நாம் வளர்ந்த காலத்தில் மலப் பரிசோதனை என்றால் கொக்கிப்புழுவுக்குத்தான். செருப்பில்லாமல் ரப்பர்ப் பால்காட்டில் நடந்தவர்களுக்கெல்லாம் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் மருந்து கொடுப்பார். உன் அம்மா அந்தக் கசப்பு மருந்துக்குப் பயந்து நம்மை ஒளித்து வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வி வேறு, இன்றைக்குக் கேட்பது வேறு. தாமதித்தால் குரோன்ஸில் குடல் சுருங்கிப் போகவும் வாய்ப்புண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே அடங்குகிறவர்கள் நிறைய.

ஊரில் சேதி என்ன? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டார்கள், சுற்றிலும் செம்பனைதான். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஆடிப் பூசைக்குப் பழைய ஆட்கள் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வருகிறார்கள், நீயும் வா. என் மூத்தவள் தைப்பிங்கில் ஆசிரியையாகப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. என்னோடு பேசக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் கேட்கட்டும், எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று நான் எழுதித் தருகிறேன். அண்ணனுக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மல்லிகா