ஆமென் யாருடையது?

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) ஞாயிறு ஆராதனையை ஒழுங்கு செய்யும் ஆயர்களுக்கும் பாடகர் குழுத் தலைவர்களுக்கும்,

ஆராதனை முடிந்ததும் "கோயர் (பாடகர் குழு) எப்படி?" என்று சபையாரிடம் கேட்கிறீர்கள். "பிரமாதம்" என்கிறார்கள். கோளாறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பாட்டைக் கேட்கிறவர் கடவுள், சபை பாட வந்திருக்கிறது.

கி.பி. 155 வாக்கில் ரோமில் கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின் எழுதிவைத்த ஞாயிறு வழிபாட்டைப் பாருங்கள். நேரம் இருக்கும்வரை வேதவாசிப்பு, பிறகு தலைவரின் புத்திமதி, எல்லாரும் எழுந்து நின்று ஜெபம். அப்பமும், தண்ணீரோடு திராட்சரசமும் வரும். தலைவர் தம்மால் இயன்றவரை ஸ்தோத்திரம் ஏறெடுப்பார். அதற்கு ஜனங்களின் பங்கு ஒரே சொல்: ஆமென். வராதவர்களுக்கு டீக்கன்மார் (உதவி ஊழியர்கள்) கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காணிக்கை விதவைக்கும் சிறையில் இருப்பவனுக்கும் போகும். கோயரைப் பற்றி ஒரு வரி இல்லை. (அதற்காகக் கலைத்துவிடச் சொல்லவில்லை.)

1950-இல் புழக்கத்துக்கு வந்த நம் திருவிருந்து முறைமையும் அதே போக்குதான். ஆயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்கிறார். சமாதான வாழ்த்து கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரை போகிறது. கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் வருகையையும் சபையே அறிக்கையிடுகிறது. இந்த இடங்களை மைக் பிடித்த பத்துப் பேர் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் பார்வையாளர்கள்தான்.

சுருதியில் தொடங்குங்கள். கீபோர்டின் நடு சி சுரத்திலிருந்து மேல் டி சுரம் வரை சபை சிரமமில்லாமல் பாடும். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே. உச்ச சுரம் அதற்கடுத்த ஈ சுரத்தைத் தாண்டினால் ஆண்கள் முதலில் வாயை மூடுவார்கள். காலை முதல் ஆராதனைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள். ஒலி அடுத்த காரியம்: பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாவிட்டால், தான் மட்டும் பாடுகிறோமோ என்ற கூச்சத்தில் மனுஷன் நிறுத்திவிடுவான். முதல் சரணம் எடுத்துக்கொடுத்ததும் கோயர் மைக்கைக் குறையுங்கள். கடைசிச் சரணத்துக்கு டிரம்ஸ் வேண்டாம்.

பாவ அறிக்கைக்கு முன் அரை நிமிஷமாவது மௌனம் விடுங்கள். அந்த நேரத்தில் கீபோர்டுக்காரர் மெல்லிய பேட் சத்தம் (விடாமல் நீளும் பின்னணி ஒலி) போட்டு நிரப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது; கையைக் கட்டைகளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நேரமில்லை என்று வெட்டுவதாயிருந்தால் கோயர் மட்டும் பாடும் ஸ்பெஷல் பாட்டை வெட்டுங்கள், பழைய ஏற்பாட்டுப் பாடத்தை அல்ல.

ஸ்தோத்திர ஜெபத்தின் முடிவில் ஆயர் மூச்சு வாங்கி நிற்கட்டும். கோயர் மூன்று மடிப்பு ஆமெனை (மூன்று முறை இசைத்துப் பாடும் ஆமெனை) தொடங்க வேண்டாம். முதல் சில வாரம் ஆமென் மெலிசாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆராதனை முறைமையில் ஊழியஞ்செய்யும் சிலர்