ஒரே கடற்கரையில் வீட்டு விலை ஏன் மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மண்டபம் ஊரில் அண்மையில் நாங்கள் தரகராக நின்று விற்றுக் கொடுத்த ஒரு வீட்டை, வாங்கியவர் பக்கம் சாய்ந்து அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டோம் என்ற பேச்சு தேநீர்க் கடை தொடங்கி வாட்ஸ்அப் வரை பரவியிருப்பது எங்களை மிகவும் வருத்துகிறது. விற்றவரின் தந்தை காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தை எங்களுக்குத் தெரியும்.

இராமேசுவரம் ரத வீதி வீடுகளின் விலையேற்றத்தோடு இதை ஒப்பிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் யாத்திரிகர்கள் வரும் அந்த வீதிகளில், வாங்குபவர் அறை வாடகைக் கணக்கையும் போட்டுத்தான் விலை பேசுகிறார். கீழக்கரையில் காரணமே வேறு. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் சொந்தத் தெருவிலேயே வீடு தேடுவதால், விற்க வருபவர் குறைவு, கேட்பவர் அதிகம். 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விலை ஏறும் என்று பலர் நம்பினார்கள், அப்படி நடக்கவில்லை.

மண்டபத்திலும் மனை விலை ஏறியதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஏறுவது மண்ணின் விலை. கட்டடத்தின் மதிப்போ ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அந்த வீட்டின் பின்னறையில் உப்புக் காற்று தளத்தின் பூச்சைப் பெயர்த்து, துருப்பிடித்த கம்பி விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்தோம், கரித்தது. இடித்துக் கட்டலாம் என்றால், அலை மிக உயர ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுமானங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடுகள் உண்டு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற செலவையும் வாங்குபவர் மனத்தில் கழித்துக்கொண்டுதான் விலை கேட்கிறார். இவற்றையெல்லாம் மறைத்து விற்றிருந்தால், வாங்கியவர் முகத்தில் நாங்கள் எப்படி விழிப்பது?

இந்தக் காரணங்களை விற்றவரிடம் வாய்மொழியாகச் சொன்னோமே தவிர, எழுதிக் கொடுக்கவில்லை. அது எங்கள் தவறு. அதற்காக அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்திருக்கிறோம். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கு அரசு பத்திரப்பதிவுக்காக நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, அருகில் பதிவான விற்பனைகள், கட்டடத்தின் நிலை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவோம். இந்த வேலைக்கென ஒருவரை அமர்த்தியிருப்பதால், தை முதல் எங்கள் தரகு ஒன்றரை சதவீதமாகும்.

இந்தப் பேச்சு எழுந்த பிறகும் தாய்ப்பத்திரத்தை நம்பி எங்கள் கையில் கொடுத்துச் சென்ற தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி வாடிக்கையாளர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. ஐயம் இருப்பவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த வீட்டின் கோப்பை, விற்றவரின் சம்மதத்துடன், உங்கள் முன்னால் விரித்துக் காட்டுகிறோம்.

தங்கள் நம்பிக்கைக்குரிய,
உரிமையாளர்